மறைத்தலும் தியாகமும்: திரைக்கதைகளில் புற்றுநோய்

1982ஆம் ஆண்டில் வெளிவந்து பெருவெற்றி கண்ட தமிழ்ப் படங்களுள் இரண்டு ‘வாழ்வே மாயம்’, ‘பயணங்கள் முடிவதில்லை’ ஆகியன. இரண்டிலும் நாயகனைப் புற்றுநோய் பற்றுகிறது. இரண்டிலும் அவன் அதனைக் காதலியிடமிருந்து மறைக்கிறான். அவள் தன்னை வெறுத்து விலகும்படி நடந்துகொள்கிறான். அம்மறைப்புக்குத் தியாகம் என்று பெயரிடப்படுகிறது. அரங்கமும் கண்ணீருடன் அதனை ஏற்றது. இப்படங்களின் இசைச் சிறப்பை நாம் மறுக்கவில்லை. மறைத்தலை அறமாக உயர்த்திய அக்கதைமரபு நம் வீடுகளுக்குள் என்ன செய்தது என்பதே நம் வினா.

பாகூர்க் கொம்யூனைச் சேர்ந்த கடலோரச் சிற்றூர் மணப்பட்டு. அங்கு நமக்கு வேண்டிய குடும்பம் ஒன்றின் மூத்த பெண்மணிக்கு கீமோ சிகிச்சை தொடங்கியபோது, நோயின் பெயரை அவரிடம் சொல்ல மக்கள் துணியவில்லை. ‘கட்டி கரைய மருந்து’ என்றார்கள். மூன்று வாரத்துக்கு ஒருமுறை கன்னியக்கோயில் வரை வந்து பேருந்தேறி நகருக்குச் சென்று, சில நாள் படுக்கையில் இருந்து திரும்புவார். இரண்டாம் முறை வீடு திரும்பிய பத்தாம் நாள் காய்ச்சல் கண்டது. மீண்டும் மருத்துவமனையில் சேர்த்துவிடுவார்களே என்றஞ்சி இரண்டு நாள் அதனை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. மக்கள் அவரிடம் மறைத்தார்கள். அவர் மக்களிடம் மறைத்தார்.

இம்மருந்துகள் விரைந்து பெருகும் அணுக்களைத் தாக்குவன. புற்றணுக்களோடு முடியின் வேர், வாயின் உட்புறம், இரத்தம் ஊறும் எலும்பு மச்சை ஆகியவையும் அடிபடுகின்றன. மருந்தேற்றிய ஏழு முதல் பதினான்கு நாள்களுக்குள் வெள்ளணுக்கள் மிகவும் குறைந்து போவது வழக்கம். அந்நாள்களில் 100.4 பாகை காய்ச்சல் என்பது சளிக் காய்ச்சலன்று. சில மணி நேரத்துக்குள் மருத்துவரிடம் சேர வேண்டிய அபாயம். நோயின் பெயரே அறியாதவருக்கு இதனை எப்படி விளக்குவது? தியாகம் என்று திரை காட்டிய மௌனம் இங்கே உயிரோடு விளையாடுகிறது.

அக்காலத்தில் மருத்துவம் அவ்வளவுதான் என்று சமாதானம் சொல்வாருண்டு. 1948இல் பாஸ்டன் நகரில் சிட்னி ஃபார்பர் குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய் மருந்தினால் தற்காலிகமாகத் தணிவதை வெளியிட்டார். அவர் கையாண்ட அமினோப்டெரினை ஆக்கித் தந்தது சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவின் ஆய்வுக்குழு. அடையாறு புற்றுநோய் நிலையம் 1954இலேயே தோன்றிவிட்டது. ஆகவே 1982இன் கதாசிரியருக்குச் சிகிச்சை என்னும் செய்தி எட்டாத ஒன்றன்று. கதைக்கு அது தேவைப்படவில்லை என்பதே உண்மை.

இருபதாண்டு முந்திய ஸ்ரீதரின் ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’ (1962) இவ்வகையில் மேலானது என்பது நம் கருத்து. ஏறக்குறைய முழுக்கதையும் மருத்துவமனைக்குள்ளேயே நிகழ்கிறது. நோயாளி வேணு தன் நிலையை அறிந்திருக்கிறான். தான் இறந்தால் மனைவியின் எதிர்காலம் என்னாகும் என்பதை அவளிடமே பேசுகிறான். அவன் சொல்லும் தீர்வு நமக்கு உவப்பாயில்லை. அவள் சினப்பதும் நியாயமே. எனினும் அங்கே பேச்சு நிகழ்கிறது. துணையிருப்பவளின் அச்சத்துக்கும் கதையில் இடமுண்டு. மூன்றாண்டுக்குப் பின் பாலசந்தர் தம் முதற்படமான ‘நீர்க்குமிழி’யையும் மருத்துவமனையிலேயே நிறுத்தினார். அத்தடம் பின்னர் தூர்ந்துபோயிற்று.

ஆனால் ஸ்ரீதரின் படமும் ஓர் அறுவைச் சிகிச்சையை நோக்கி விரையும் கதைதான். கீமோவின் காலம் வேறு. அதில் உச்சக்காட்சி இல்லை. சொட்டுச் சொட்டாக இறங்கும் மருந்து, இரத்த அணுக்களின் எண்ணிக்கை போதாமல் திருப்பி அனுப்பப்படும் காலை, வாயில் இரும்புச் சுவை, தலையணையில் கொத்தாக உதிர்ந்து கிடக்கும் முடி. அது சிகிச்சை முடிந்தபின் பெரும்பாலும் வளர்ந்துவிடும் என்பதைக்கூட எந்தக் கதையும் அவர்களுக்குச் சொல்லவில்லை. வராந்தாவில் பாய் விரித்துப் படுக்கும் மகனையும் எவரும் எழுதவில்லை. நலம் விசாரித்தலை நம் சமயம் கடமையாக்கி, நோயாளியை வருத்தாமல் விரைவில் எழுவதை அதன் ஒழுங்காகவும் வைத்தது. அணுக்கள் குறைந்த நாள்களில் அவ்வொழுங்கின் அருமை புலனாகும். நாமோ குடும்பத்தோடு போய்க் கட்டிலைச் சூழ்ந்து நிற்கிறோம்!

1978இல் சூசன் சான்டாக், தாமே மார்பகப் புற்றுக்குச் சிகிச்சை பெற்ற அனுபவத்தின் பின், நோயை உருவகமாக்குவதற்கு எதிராக ஒரு நூல் எழுதினார். பிரான்சிலும் இத்தாலியிலும் நோயாளியை விட்டுக் குடும்பத்தாரிடம் மட்டும் சொல்லும் வழக்கத்தை அதில் சுட்டினார். எனவே இம்மறைப்பு நமக்கே உரிய பண்பாடு என்று பெருமை கொள்வதற்கில்லை. இப்னு சீனாவின் ‘கானூன்’ இந்நோயை ‘சரத்தான்’, அதாவது நண்டு, என்று பெயரிட்டே பேசுகிறது. பெயர் சொல்ல அவர் தயங்கவில்லை.

மணப்பட்டுப் பெண்மணியைக் காய்ச்சலின் மூன்றாம் நாள் கொண்டு சேர்த்தனர், பிழைத்துக்கொண்டார். அவருக்கு நோயின் பெயரைச் சொன்னவர் மருத்துவரல்லர். அடுத்த கட்டிலில் ஐந்தாம் முறை மருந்தேற்றிக்கொண்டிருந்த ஒரு பெண். “உனக்கும் இதேதான்” என்றாராம். அன்றிரவு இவர் மகனை அழைத்துக் கேட்டது, அடுத்த காய்ச்சலுக்கு எந்த எண்ணுக்குப் பேச வேண்டும் என்பதை.