வாசல்படியில் யார் கடை?

செஞ்சிக் கோட்டைக்கு 2025 ஜூலையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டம் கிடைத்தது. மராட்டியர்களின் ராணுவக் கோட்டைகள் என்று மொத்தம் 12. பதினொன்று மகாராஷ்டிராவில், ஒன்றே ஒன்று நம் ஊரில். சரி, பட்டம் வாங்கிய பிறகாவது பார்த்துவிடுவோம் என்று போனேன். ராஜகிரி ஏறி இறங்கியதில் முழங்கால்கள் தனித்தனியாகப் பேச ஆரம்பித்துவிட்டன. பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு பிரின்ட் அவுட் எடுக்க ஜெராக்ஸ் கடைக்குள் நுழைந்தேன்.

கோட்டையைப் பற்றித்தான் எழுதுவதாக இருந்தேன். மன்னிக்கவும், இந்த வாரம் அந்தக் கடை கம்ப்யூட்டரைப் பற்றி.

கடையை நடத்துவது முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண். எனக்கு முன்னால் ஒரு பெரியவர்.

"ஏம்மா, பட்டா நகல் ஒண்ணு எடுத்துக் குடு."

"சர்வே நம்பர் சொல்லுங்க பெரியப்பா."

பிரவுசரில் மேலே கூட்டல் குறி ஒன்று இருக்குமே, அதை அமுக்கினார். புதிய டேப் திறந்தது. உங்கள் வீட்டிலும் என் ஆபீஸிலும் திறக்கும் பக்கம் மாதிரி இல்லை அது. பனிமலை இல்லை, நடிகை விவாகரத்து இல்லை, 'இதைச் சாப்பிட்டால் சர்க்கரை இறங்கும்' இல்லை. வெறும் வெள்ளை. நடுவில் தேடுகிற கட்டம், அதன் கீழே எட்டு வட்டங்கள். ஒவ்வொன்றின் கீழும் தமிழில் பெயர்: பட்டா, வில்லங்கம், ஆதார், கரண்ட் பில், ரயில், ஹால் டிக்கெட்... ஒரு க்ளிக். தமிழக அரசின் நில ஆவணத் தளம் வந்தது, நகல் வந்தது, பெரியவர் போய்விட்டார்.

"நல்லா வச்சிருக்கீங்களே, யார் செஞ்சு குடுத்தது?" என்றேன்.

"நானேதான் சார். முன்னல்லாம் 'பட்டா சிட்டா'ன்னு அடிச்சுத் தேடித்தான் போவேன். மேல என்னென்னமோ வரும். ஒரு வாட்டி கவர்மென்ட்டோடதுன்னு நெனச்சு வேற எங்கியோ போய் ஒருத்தரோட பேரு, போன் நம்பர் எல்லாம் அடிச்சுட்டேன். மறுநாள்லேர்ந்து 'லோன் வேணுமா'ன்னு அவருக்கு ஒரே போன். கடைக்கே வந்து திட்டிட்டுப் போனாரு. அன்னைக்கு உக்காந்து இதைச் செஞ்சேன்."

அரசுத் தளத்தில் பட்டா பார்க்கக் கட்டணமே கிடையாது. ஆனால் அந்த இலவச வாசலுக்குப் போய்ச் சேரும் வழியில்தான் எத்தனை தரகர்கள்! அந்தப் பெண் செய்தது அலங்காரம் இல்லை, தரகர்களைத் தாண்டிப் போக ஒரு குறுக்குப் பாதை.

இந்தப் புதிய டேப் பக்கத்துக்குச் சின்னதாக ஒரு சரித்திரம் உண்டு. ஒரு காலத்தில் அது காலியாகத்தான் திறந்தது. 2007-ல் ஓபரா பிரவுசர் 'ஸ்பீட் டயல்' என்று ஒன்பது கட்டங்களைக் கொடுத்தது. எதை எங்கே வைப்பது என்பது உங்கள் இஷ்டம். மறு வருஷம் செப்டம்பரில் கூகுளின் குரோம் வந்தது. அதிலும் ஒன்பது கட்டம், ஆனால் நிரப்புவது நீங்கள் இல்லை. அடிக்கடி எங்கே போகிறீர்கள் என்று கவனித்துத் தானே நிரப்பிக்கொண்டது. 2012-ல் ஃபயர்ஃபாக்ஸும் அதே வழிக்கு வந்தது. உங்கள் வாசலில் கோலம் போடும் உரிமை உங்களிடமிருந்து நழுவியது இப்படித்தான். யாரும் பிடுங்கவில்லை. 'உங்களுக்கு எதுக்கு சிரமம்' என்று வாங்கிக்கொண்டார்கள்.

தானாக நிரம்பும் கட்டங்களில் ஒரு ஆபத்தும் உண்டு. ஒரே கம்ப்யூட்டரை ஊரே உபயோகிக்கும் கடைகளிலும், குடும்பமே உபயோகிக்கும் வீடுகளிலும் அது ஒரு கோள்மூட்டி. ராஜினாமா செய்வதற்கு முன் வேறு வேலை தேடுவதோ, ஒரு பெண் டாக்டரிடம் கேட்கக் கூச்சப்பட்டுப் படிப்பதோ, அடிக்கடி போனால் அடுத்து உட்காருபவர் கண்ணில் அழகான சின்னத்தோடு விழும். செஞ்சிக் கடையில் அந்தப் பிரச்னை இல்லை. குரோமில் 'அடிக்கடி பார்த்தவை', 'என் குறுக்குவழிகள்' என்று இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். அந்தப் பெண் இரண்டாவதை வைத்திருக்கிறார். எட்டு வட்டங்களும் அவர் கையால் வைத்தவை.

"அதான் கஸ்டமைஸ் பண்ண விடுகிறார்களே, அப்புறம் என்ன குறை?" என்பீர்கள். குறை இருக்கிறது. எதை மாற்ற விடுகிறார்கள் என்று பாருங்கள். பின்னணியில் படம் மாற்றலாம். நிறம் மாற்றலாம். வட்டங்களை மாற்றலாம். ஆனால் குரோமின் செட்டிங்ஸில், 'புதிய டேபில் என் சொந்தப் பக்கம் திறக்கட்டும்' என்று ஒரு முகவரி கொடுக்க இடம் கிடையாது. எட்ஜிலும் இல்லை. ஃபயர்ஃபாக்ஸில் ஒரு ரகசியக் கதவு இருந்தது, 2015-ல் அதையும் அடைத்தார்கள்.

அடைத்ததற்கு நியாயம் இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அந்தக் கதவு வழியாக விஷம மென்பொருள்கள் நுழைந்து, புதிய டேப் திறக்கும்போதெல்லாம் தங்கள் விளம்பரக் கடையைத் திறந்துகொண்டிருந்தன. திருடன் வருகிறான் என்று கதவை அடைப்பது சரி. ஆனால் வீட்டுக்காரனிடம் ஒரு சாவி தரலாம் இல்லையா? வேண்டுமானால் எக்ஸ்டென்ஷன் போட்டுக்கொள் என்கிறார்கள். அதில் சில, நீங்கள் பார்க்கும் எல்லாத் தளங்களையும் படிக்க அனுமதி கேட்கின்றன. வாட்ச்மேன் வேலைக்கு வந்தவர் பீரோ சாவி கேட்கிற மாதிரி.

ராஜகிரி உச்சிக்குப் போகும் வழியில் பாறை பிளந்து ஒரு பெரிய இடைவெளி இருக்கிறது. அதன்மேல் ஒரு பாலம். பாலத்தை எடுத்துவிட்டால் பத்துப் பேர் மேலே நின்று ஒரு படையைத் தடுக்கலாம். பீஜப்பூர்க்காரர்கள் வந்து இந்தக் கோட்டைக்கு பாதுஷாபாத் என்று பெயர் வைத்தார்கள். 1677-ல் சிவாஜி பிடித்தார். 1698-ல் மொகலாயர்கள் பிடித்து நுஸ்ரத்கட் என்றார்கள். பிறகு பிரெஞ்சுக்காரர்கள், 1761-ல் ஆங்கிலேயர்கள். பெயரை யாரும் மாற்றலாம். மலை யாருடையது என்பதை முடிவு செய்தது அந்தப் பாலம் யார் கையில் என்பதுதான். பிரவுசர் கம்பெனிகள் நமக்குப் பெயர் வைக்கவும் பெயின்ட் அடிக்கவும் அனுமதி கொடுத்திருக்கின்றன. பாலம் அவர்களிடம்.

அதில் இவ்வளவு பிடிவாதம் ஏன் என்று பி.காம். படித்தவனுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. பஜாரில் மூலைக்கடைக்கு அட்வான்ஸ் எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள். பிரவுசர்களிலும் போன்களிலும் முதலில் வந்து நிற்கும் தேடுபொறியாகத் தானே இருக்க வேண்டும் என்பதற்காக, 2021 ஒரே வருஷத்தில் கூகுள் மற்றவர்களுக்குக் கொடுத்தது 2,630 கோடி டாலர். அன்றைய மதிப்பில் சுமார் 2 லட்சம் கோடி ரூபாய். நான் சொல்லவில்லை, அமெரிக்க அரசு கூகுள் மேல் போட்ட வழக்கில் வெளிவந்த கணக்கு. 2024 ஆகஸ்டில் நீதிபதி, கூகுள் ஏகபோகத்தைச் சட்டவிரோதமாகக் காப்பாற்றிக்கொண்டது என்று தீர்ப்பும் சொன்னார். ஃபயர்ஃபாக்ஸை நடத்தும் மொஸில்லாவின் வருமானத்தில் பெரும்பகுதியே கூகுள் கொடுப்பதுதான். ஒரு நாளைக்கு ஐம்பது தடவை நீங்கள் திறக்கிற வாசலுக்கு இதுதான் மார்க்கெட் ரேட். உங்களுக்கு அதில் பங்கு? பனிமலைப் படம்.

படம் வைப்பதைக் குற்றம் என்று சொல்லவில்லை. குழந்தை போட்டோ வைத்துக்கொள்ளுங்கள், ராஜகிரியே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அதை வைத்துவிட்டு 'இது என் பக்கம்' என்று நிம்மதியாகிவிடாதீர்கள். வங்கி பாக்கி பார்க்க டேப் திறந்து, கண்ணில் பட்ட தலைப்பைத் தட்டி, அரை மணி கழித்து 'எதற்கு வந்தோம்' என்று யோசித்த அனுபவம் உங்களுக்கு இல்லையென்றால் இந்தப் பக்கத்தைத் தாண்டிப் போகலாம்.

மற்றவர்களுக்கு, செஞ்சியில் கற்ற பாடம். செய்திகளை நிறுத்துங்கள், எட்ஜில் பக்க செட்டிங்ஸிலேயே நிறுத்தலாம், ஆண்ட்ராய்ட் போன் குரோமிலும் முடியும். ஃபயர்ஃபாக்ஸில் ஒரேயடியாக 'வெற்றுப் பக்கம்' என்றே வைக்கலாம். தானாக நிரம்பும் கட்டங்களுக்குப் பதில் நீங்களே ஏழெட்டு முகவரிகளை, ஒருமுறை சரிபார்த்து வையுங்கள். முக்கியமாக வங்கியும் அரசும். பெயரைத் தமிழில் எழுதுங்கள். அம்மாவும் உபயோகிப்பார்.

விமர்சனம் என்றால் மார்க் போட்டாக வேண்டுமாம். வெற்றுப் பக்கம் என்று ஒன்றை விட்டுவைத்ததற்காக ஃபயர்ஃபாக்ஸுக்கு 50. என் குறுக்குவழிகளுக்காகக் குரோமுக்கு 45. கடை விரித்த பிறகு 'வேண்டாமென்றால் மூடிக்கொள்' என்கிற எட்ஜுக்கு 35.

செஞ்சி ஜெராக்ஸ் கடைக்கு 80. மீதி இருபது ஏன் குறைத்தேன் என்றால், பாலம் இன்னும் அவர் கையிலும் இல்லை.