பெயர் பெறாத கல்லறைகள்

1940 ஜூன் 10-ல் இத்தாலி போரில் இறங்கியது. பிரிட்டனில் காப்பியும் ஐஸ்கிரீமும் விற்றுப் பிழைத்த இத்தாலியர்கள் பகைவராகக் கருதப்பட்டுச் சிறைப்பட்டனர். அவர்களுட் பலரைக் கனடாவுக்கு ஏற்றிச் சென்ற 'அரண்டோரா ஸ்டார்' கப்பலை, ஜூலை 2-ல் ஜெர்மன் நீர்மூழ்கி தகர்த்தது. மாண்ட இத்தாலியர் 440-க்கும் மேல். 48 பேரை இழந்த பார்டி என்னும் சிற்றூர் அவர்களுக்கு நினைவாலயம் கட்டியது.

நம்மவர் கதை யாது? 1942-43-ல் ஜப்பானியர் மலேயாத் தோட்டத் தமிழரைத் திரட்டிச் சென்று, 415 கிலோமீட்டர் நீளச் சயாம்-பர்மா ரயில் பாதையில் வேலை வாங்கினர். காலராவிலும் பசியிலும் பல்லாயிரவர் மடிந்தனர். காஞ்சனபுரி மயானத்தில் ஏறத்தாழ 7,000 போர்க்கைதிகளுக்குக் கல்லறைகள் உண்டு. தமிழருக்கு அவ்வாறு பெயர்க்கற்கள் இல்லை.

ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' அப்போர்க்காலத்தின் தலைசிறந்த தமிழ் நாவல். ஆயினும் அதன் கண் வணிகர் மீதும் படைவீரர் மீதுமே பெரிதும் நிலைக்கிறது. தண்டவாளம் சுமந்த கூலியை நடுவில் நிறுத்தியவர் மலேசியாவின் அ. ரெங்கசாமி. தம் நாவலுக்கு அவர் இட்ட பெயரே 'நினைவுச் சின்னம்'. கல் செய்யாததைச் சொல் செய்ய முனைந்தது.

ஆனால் நாவல் தரும் பெயர்கள் கற்பனைப் பெயர்கள். கலைக்கு அவை போதும். காத்திருந்த தாய்க்குப் போதா. அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் வானம் பார்த்த பூமி. பிழைப்புத் தேடி மலேயா சென்றோர் இங்கும் உண்டு. திரும்பாதவரின் பெயர் எந்த வீட்டிலேனும் எஞ்சியிருப்பின் அதை எழுதி வைப்பதே, அந்நாவலை உண்மையாக வாசித்ததாகும்.