பிளேடை மாற்றுகிறோம், ஸ்கேலை?

ரோட்டரி கட்டரின் பிளேடு மழுங்கினால் உடனே தெரிந்துவிடும். அங்கங்கே நூல் அறுபடாமல் நிற்கும், கை தானாகக் கூடுதலாக அழுத்தும், புது பிளேடை மாட்டிவிடுவோம். அதனோடு உரசிக்கொண்டே உழைக்கும் அக்ரிலிக் ஸ்கேல் தேய்வது அப்படிக் கண்ணில் படாது. அது உடைந்தால் ஒழிய மாற்றத் தேவையில்லை என்றுதான் குயில்ட் தைக்கும் பலரும் நினைக்கிறோம். அது சரியில்லை. ஸ்கேலும் தேயும் பொருள்தான், அதன் தேய்மானம் நேராகப் போர்வையின் அளவில் வந்து நிற்கிறது.

1979-இல் ஜப்பானின் ஓல்ஃபா நிறுவனம் ரோட்டரி கட்டரைக் கொண்டுவந்தது. அதற்கு முன் அட்டையில் அச்சு வெட்டி, பென்சிலால் கோடு போட்டு, கத்தரிக்கோலால் துண்டு துண்டாக வெட்டினார்கள். உருளும் பிளேடுக்குப் பள்ளிக்கூட ஸ்கேல் ஆகாது. அதன் சரிந்த மெல்லிய விளிம்பில் பிளேடு ஏறி விரலைப் பதம் பார்த்துவிடும். அதனால்தான் குயில்ட் ஸ்கேல் ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் தடிமனில், செங்குத்தான விளிம்போடு, துணி தெரியும்படி தெளிவாக வருகிறது. கோடுகள் அடிப்பக்கத்தில் அச்சாகியிருக்கும். அப்போதுதான் அவை துணியை ஒட்டி நிற்கும், பார்வை சாய்ந்தாலும் அளவு மாறாது.

அந்தச் செங்குத்து விளிம்புதான் முதலில் அடிவாங்குகிறது. கட்டரை நிமிர்த்திப் பிடித்தால் பிளேடு விளிம்பைத் தொட்டபடி வழுக்கிப் போகும். கொஞ்சம் உள்பக்கம் சாய்ந்தால் அக்ரிலிக்கைச் சீவும். வெட்டியபின் கட்டிங் மேட்டில் மெல்லிய சுருள் கிடந்தால் அது ஸ்கேலிலிருந்து வந்ததுதான். மழுங்கிய பிளேடு இன்னும் மோசம். அழுத்த அழுத்தச் சாய்வும் கூடுகிறது. துணிப் பட்டை ஸ்கேலுக்கு அடியில்தானே இருக்கிறது, விளிம்பு எவ்வளவு உள்வாங்குகிறதோ அவ்வளவு பட்டையும் ஒடுங்கும்.

எவ்வளவு ஒடுங்கிவிடப் போகிறது என்று கேட்கலாம். 2½ அங்குலப் பட்டைகள் பன்னிரண்டை, கால் அங்குலம் தையலுக்கு விட்டு இணைத்தால் 24½ அங்குலம் வரவேண்டும். ஒவ்வொரு பட்டையிலும் 1/32 அங்குலம் குறைந்தால் மொத்தத்தில் 3/8 அங்குலம் போய்விடும். பக்கத்துக் கட்டத்தோடு மூலை சேராது. பழியைத் தையலின் மேல் போட்டுப் பிரித்துத் தைத்துக்கொண்டிருப்போம்.

தேய்மானம் ஒரே சீராகவும் இருப்பதில்லை. சின்னச் சதுரங்களை எல்லோரும் ஸ்கேலின் ஒரே முனையில் வைத்துத்தான் வெட்டுகிறோம், அந்த முதல் சில அங்குலங்கள் தனியாகக் குழிந்துபோகும். நகத்தை விளிம்பு நெடுக ஓட்டிப் பார்க்கலாம். அதைவிட நல்ல வழி பஞ்சு: சிறு உருண்டையை விளிம்பில் இழுத்தால் வெட்டுக்காயம் இருக்கும் இடத்தில் இழை சிக்கிக்கொள்ளும். குழிவைக் கண்டுபிடிக்க, புது ஸ்கேல் ஒன்றின் விளிம்போடு பழையதைச் சேர்த்துப் பிடித்து ஜன்னல் பக்கம் காட்டுங்கள். இரண்டுக்கும் இடையில் வெளிச்சம் கசிந்தால் அந்தப் பக்கம் இனி வெட்டுவதற்கு உதவாது.

காயம் பட்ட விளிம்பை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் நகத்துக்கு வழவழப்பாகிவிடும், அளவோ இன்னும் குறையும். நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். ஸ்கேலைத் திருப்பி எதிர் விளிம்பைப் பயன்படுத்துவது நல்ல யோசனை. 6×24 அங்குல ஸ்கேலில் இது சிக்கலே இல்லை. 6½×24½ ரகத்தில் அந்த அரை அங்குலம் ஒரு பக்கமாக இருப்பதால், திருப்பினால் கோடுகளின் கணக்கு மாறும். இரு திசையிலும் எண் அச்சிட்டிருக்கிறதா என்று வாங்கும்போதே பார்த்துக்கொள்வது நல்லது.

கோடு அழிவது இன்னொரு தொல்லை. அடியிலிருக்கும் அச்சு மேட்டோடு உரசித் தேயும். வழுக்காமல் இருக்க ஒட்டிய வில்லைகளைப் பிய்க்கும்போது மையும் சேர்ந்து வரும். கண்ணாடி துடைக்கும் திரவமும் சானிடைசரும் அக்ரிலிக்குக்குப் பகை, மயிரிழை போன்ற விரிசல்கள் ஓடும். சோப்புத் தண்ணீரும் மெல்லிய துணியும் போதும். சுவரில் சாய்த்து வைக்காமல் படுக்க வைக்கவும், அல்லது துளையில் மாட்டித் தொங்கவிடவும். வெயிலில் நிற்கும் காரில் வைக்கவே கூடாது, வளைந்துவிடலாம்.

எஃகு விளிம்பு வைத்த ஸ்கேல்களையும் வைத்து வெட்டிப் பார்த்தேன். விளிம்பு தேயவில்லை, உண்மைதான். ஆனால் கை சற்றுச் சாய்ந்தால் எஃகில் பட்டுப் பிளேடின் வாய் போகிறது, அதன்பின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஓரிடத்தில் நூல் விடுகிறது. எஃகுப் பட்டையின் அடியில் துணியும் தெரியவில்லை. பூவையோ கட்டத்தையோ பார்த்து நடுவில் வைத்து வெட்டுகிறவர்களுக்கு இது பெரிய இழப்பு.

வெளிநாட்டுச் சரக்குக்குக் காத்திருக்க வேண்டிய நம் ஊரில், பெயர்ப்பலகைக் கடைகளின் லேசர் மெஷின் எனக்கு நல்ல மாற்றாகப் பட்டது. 3 மி.மீ. காஸ்ட் அக்ரிலிக் கேளுங்கள். அதில் பொறிக்கும் கோடு வெள்ளையாகத் துலங்கும். கோடுகளைக் கண்ணாடி பிம்பமாக அடிப்பக்கத்தில் பொறிக்கச் சொல்ல வேண்டும். பொறித்த கோடு அச்சைப்போல் அழியாது. லேசர் கற்றை தன் அகலத்துக்குக் கொஞ்சம் பொருளை எரித்துவிடும், அதை ஈடுகட்டாமல் வெட்டினால் ஸ்கேல் சிறுத்துப்போகும். ஆகவே முதலில் ஒரு சின்னச் சதுரம் வெட்டி அளந்துவிட்டு நீளமானதைச் சொல்லுங்கள். வெட்டிய விளிம்பில் ஸ்பிரிட் படக்கூடாது, அங்கே விரிசல் இன்னும் சுலபமாக விழும்.

வெள்ளைக் கோடு வெளிர் துணியில் மங்கித் தெரிகிறது என்பது இதன் குறை. அதனால் முக்கிய ஸ்கேலாக மஞ்சளும் கறுப்புமாகக் கோடு போட்ட 6×24 அச்சு ஸ்கேலே என் தேர்வு, தினமும் அடிபடும் சின்னச் சதுர ஸ்கேல்களுக்கு லேசர் கடை. ஒரு போர்வையை ஆரம்பித்த ஸ்கேலிலேயே முடித்துவிட்டு மாற்றுங்கள். இரண்டு கம்பெனி ஸ்கேல்களின் கோட்டுத் தடிமன்கூட ஒன்றாக இருப்பதில்லை.

கழித்த ஸ்கேலைச் சாக்பீஸால் கோடு போட வைத்துக்கொள்ளலாம். லாங்ஆர்ம் குயில்டிங் மெஷினுக்கு மட்டும் கொண்டுபோகாதீர்கள். அங்கே வேண்டியது 6 மி.மீ. தடிமன். மெல்லியதை வைத்தால் மெஷினின் பாதம் அதன் மேல் ஏறி ஊசி உடையும்.