பின் ஸீட்டில் ஒரு பையன்

பழைய மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவரிடம் அந்த வண்டியைப் பற்றிக் குறை சொல்லிப் பாருங்கள். அதன் கோளாறுகளை அவரே நாள் முழுதும் அடுக்குவார். நாம் ஒன்று சொல்லிவிட்டால் முகம் சுருங்கிவிடும். என்னிடமும் அப்படி ஒரு வண்டி இருந்தது. ஏழெட்டு உதை வாங்காமல் காலையில் கிளம்பாது. விற்றுவிடலாமென்று வீட்டில் சொல்லும்போதெல்லாம், நெருங்கிய உறவினரை யாரோ ஏசிவிட்டாற்போல் எனக்குக் கோபம் வரும்.

இந்த அபிமானத்தின் வேரைத் தோண்டிப் பார்த்த புத்தகம் ஒன்று உண்டு. அமெரிக்கரான ராபர்ட் பிர்ஸிக் 1974-ல் வெளியிட்ட 'ஜென்னும் மோட்டார் சைக்கிள் பராமரிப்புக் கலையும்'. 121 பிரசுராலயங்கள் வேண்டாமென்று தள்ளிய நூல். நாவலா, சுயசரிதையா என்று பிரித்துச் சொல்ல முடியாது. 1968-ல் மகன் கிறிஸ்ஸைப் பின்னால் ஏற்றிக்கொண்டு மின்னியாபொலிஸிலிருந்து ஸான் பிரான்ஸிஸ்கோவுக்குப் போன பிரயாணம்தான் கதை.

கூட வரும் நண்பர் ஜானின் பி.எம்.டபிள்யூ. வண்டியில் முன்பொரு சமயம் ஹாண்டில்பார் நழுவிற்று. காலி பீர் டப்பாவின் தகட்டை வெட்டிச் செருகினால் போதும் என்கிறார் கதை சொல்பவர். ஜானுக்கு அது பிடிக்கவில்லை. அருமையான ஜெர்மன் வண்டிக்கு பீர் டப்பாத் தகடா! இருவருக்கும் வண்டியின் மேல் பிரியம்தான். ஒருவர் குறையே இருக்கக்கூடாது என்று நேசிக்கிறார். மற்றவர் குறையைத் தன் கையால் தொட்டுச் சரிசெய்து நேசிக்கிறார். இந்த ஒரு காட்சி, பின்னால் 'தரம்' என்றால் என்ன என்று பக்கம் பக்கமாக நீளும் தத்துவ விசாரத்தைவிட எனக்கு அதிகம் சொல்கிறது. அந்த விசாரம் சில இடங்களில் கதையை அமுக்கிவிடுகிறது என்பதை ஒளிக்க வேண்டியதில்லை.

ஆனால் நூலின் உயிர் பின் ஸீட்டில் இருக்கிறது. டாப்பெட்டின் மெல்லிய சப்தத்தைக்கூடப் பிடித்துவிடும் அந்தக் காதுக்கு, கிறிஸ்ஸின் அழுகை எதற்காக என்று கேட்கவில்லை. வழி நெடுக அவன் பார்த்துக்கொண்டு வந்தது அப்பாவின் முதுகைத்தான். கடைசியில் கால்தாங்கியில் எழுந்து நின்று முதன்முதலாகச் சாலையைப் பார்க்கிறான்.

குறையுள்ள யந்திரத்திடம் நமக்கு ஏன் இத்தனை பாசம்? அதன் குறை ஸ்பானருக்கு அடங்கும் குறை. மனிதர்களிடம் அந்த வசதி கிடையாது. பிர்ஸிக் இதை உபதேசமாகச் சொல்லவில்லை. நம்மை உணர வைத்துவிடுகிறார்.

என் வண்டியை விற்று வெகுகாலமாகிவிட்டது. அதன் சப்தம் இன்னும் காதில் இருக்கிறது. பின்னால் உட்கார்ந்து வந்த என் பெண் அந்த நாட்களில் என்ன பேசிக்கொண்டு வந்தாள் என்று யோசித்துப் பார்க்கிறேன். ஒரு வார்த்தைகூட ஞாபகமில்லை.