இரண்டு கேம்களும் ஒன்றாய்த் திரும்ப

சிங்கப்பெருமாள் கோவிலில் என் வீட்டு வராந்தாவில் உட்கார்ந்து காம்பவுண்ட் வில்லைச் சீர்செய்வதைப் போல நிறைவு தரும் கைவேலை எனக்கு வேறில்லை.

முதலில் இழுவிசை. வில்லின் மேல், கீழ்க் கைகளான லிம்ப்களின் போல்ட்டுகளை ஆலன் கீயால் சமமாகத் திருக வேண்டும்; மேலே அரைச்சுற்று என்றால் கீழேயும் அரைச்சுற்று. பெட்டி எடை பார்க்கும் கொக்கித் தராசை நாணில் மாட்டி இழுத்தால் உச்சவிசை தெரியும். 50 பவுண்டு வில்லில், லிம்ப் முனைகளில் சுழலும் சக்கரங்களான கேம்கள் விசையில் 80 சதவீதத்தை வாங்கிக்கொண்டால், முழு இழுப்பில் கை தாங்குவது 10 பவுண்டுதான். அமெரிக்காவின் ஹாலஸ் வில்பர் ஆலன் 1969-இல் காப்புரிமை பெற்ற யோசனை இது, என்ன அழகு!

கேம்களை ஒத்திசைப்பதுதான் நுட்பமான பகுதி. இலக்கைப் பார்த்து ஒருவர் மெல்ல இழுக்க, இன்னொருவர் பக்கவாட்டில் கவனிக்க வேண்டும். இரண்டு கேம்களின் தடுப்புகளும் ஒரே கணத்தில் கேபிளைத் தொடுகின்றனவா? ஒன்று முந்தினாலும் அம்பின் வால் நேராக நகராது. 50 மீட்டரில் அம்புகள் மேலும் கீழுமாகச் சிதறும். லிம்ப்களை அழுத்திப் பிடிக்கும் பிரஸ்ஸில் வில்லைத் தளர்த்திக் கேபிளில் அரை முறுக்கு. மறுபடி இழுத்துப் பார்க்க வேண்டும். மறுபடி அரை முறுக்கு. இரண்டும் சேர்ந்து தொடும்போது முழு இழுப்பின் முடிவு சுவரில் முட்டியதுபோல் உறுதியாகிவிடும். அந்த உறுதிக்காக ஒரு மாலையையே கொடுக்கலாம்.

இந்த வில்லில் நம்மவர்களும் சாதித்திருக்கிறார்கள்: 2023-இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் காம்பவுண்ட் தங்கம் ஐந்தையும் இந்தியா வென்றது. மூன்றில் வீராங்கனை ஜோதி சுரேகாவின் பங்குண்டு. 2028 ஒலிம்பிக்கிலும் காம்பவுண்ட் வருகிறது.

புதிதாக வில் வாங்கியவர்களே, பிரஸ் இல்லாமல் கேபிளைக் கழற்றாதீர்கள். அம்பு பூட்டாமல் நாணை விடவே விடாதீர்கள்.