பின்னணியில் இருப்பவள்

மெல்லிய எலெக்ட்ரானிக் ஜாஸுக்கு இன்று ஒரு முகம் உண்டென்றால் அது ஒரு பெண்ணின் முகம். காதில் ஹெட்போன், சன்னலோர மேசை, பக்கத்தில் பூனை. குனிந்த தலை நிமிராமல் எழுதிக்கொண்டே இருக்கிறாள். 2015இல் 'சில்டுகவ்' என்ற பெயரில் தொடங்கி, 2021இல் 'லோஃபை கேர்ள்' எனப் பெயர் மாறிய பிரெஞ்சு யூடியூப் சேனலின் சித்திரம் அது. 2020 பிப்ரவரியில் அதன் நேரலை தவறுதலாக முடக்கப்பட்டபோது 13,000 மணி நேரத்துக்கும் மேலாக ஓடியிருந்தது. அத்தனை நேரமும் அவள் எழுதினாள், ஒன்றும் முடியவில்லை.

அவளுக்கு முன் அந்த இடத்தில் இருந்தவள் ஷிசுகு. ஜப்பானிய ஜிப்லி நிறுவனத்தின் 1995ஆம் ஆண்டுப் படமான 'விஸ்பர் ஆஃப் தி ஹார்ட்'டின் நாயகி. ஹிராகி ஆவோய் என்ற பெண் வரைந்த மாங்காவிலிருந்து வந்தவள். தன்னால் எழுத முடியுமா என்று சோதித்துப் பார்க்க ஒரு கதையைத் தொடங்கி, தேர்வு மதிப்பெண்களைப் பலிகொடுத்து, அதை எழுதி முடித்து, ஒரு முதியவரிடம் படிக்கக் கொடுத்துவிட்டு அழுபவள். பின்னணி இசைக்கு அந்த முடிவு தேவைப்படவில்லை, எழுதும் காட்சி மட்டும் போதுமாயிருந்தது. பதிப்புரிமைச் சிக்கலால் ஷிசுகு போய், ஹுவான் பாப்லோ மச்சாடோ வரைந்த புதியவள் வந்தாள். 2023இல் எதிர்ச் சன்னலில் ஒரு பையனும் வந்தான். அவளுடைய இசையின் தலைப்பு ஓய்வெடுக்க, படிக்க என்கிறது. அவனுடையது ஓய்வெடுக்க, விளையாட என்கிறது. யாரும் திட்டமிட்டிருக்க மாட்டார்கள். திட்டமிடாமல் வருவதால்தான் கவனிக்கிறேன்.

இந்த இசையை நான் வெறுப்பவள் அல்ல. விடைத்தாள் திருத்தும் இரவுகளில் கேட்பதுண்டு. ஃபெண்டர் ரோட்ஸ் பியானோவின் மணியோசை, தேய்ந்த இசைத்தட்டின் கரகரப்பு, சற்றே பின்தங்கி விழும் தாளம் எல்லாம் அழகுதான். என் கேள்வி, அதை ஒரு பெண்ணின் பேச்சுக்கு அடியில் வைக்கும்போது என்ன நடக்கிறது என்பது.

எங்கள் மாணவியர் எடுக்கும் ஆவணப்படங்களில் பெரும்பாலும் இதுதான் ஒலிக்கிறது. உரிமத்தொகை இல்லை, பாட்டுக்குரல் இல்லை, யாரையும் தொந்தரவு செய்யாது. ஒரு படத்தில் கட்டட வேலை செய்யும் அக்கா ஒருவர் கூலியைப் பற்றிப் பேசுகிறார். ஆணுக்கு எவ்வளவு என்கிறார். தனக்கு எவ்வளவு என்று சொல்லும்முன் நிறுத்துகிறார். அந்த நிறுத்தத்தில் பியானோ மேலெழுந்து வருகிறது. எடிட்டிங் மென்பொருளில் 'டக்கிங்' என்றொரு வசதி உண்டு. குரல் வந்தால் இசை தானாகத் தாழும், குரல் நின்றால் தானாக ஏறும். குரல் நிற்பது அதற்கு வெற்றிடம். எனக்கோ அவர் பேச்சிலேயே கனமான இடம் அதுதான். அவர் விழுங்கிய கோபத்தின்மேல் ஒரு காப்பிக்கடை மாலையைப் போர்த்திவிட்டது அந்த மென்பொருள்.

அகப்பாடல் படித்தவர்களுக்குத் தெரியும், பின்னணி ஊமையாக இருக்க வேண்டியதில்லை. அங்கே பறவையும் சுனையும் தலைவி சொல்லாததைச் சொல்லும். இங்கே பின்னணி அவள் சொல்லவந்ததை மழுக்குகிறது. (திரையில் எல்லோரும் கேட்கும் குரலுக்குரியவரையே 'பின்னணிப் பாடகி' என்று அழைக்கும் மொழி நம்முடையது என்பதையும் மறக்கவில்லை.)

இசையைச் செய்தவர்களின் பக்கமும் உண்டு. டீலியா டெர்பிஷைர் பிபிசியின் ரேடியோஃபோனிக் ஒர்க்‌ஷாப்பில் ஒலிநாடாவை வெட்டி ஒட்டி மின்னணு இசை செய்தவர். 1963இல் 'டாக்டர் ஹூ' தொடரின் முகப்பிசைக்கு ஒலிவடிவம் தந்தவர் அவர். இசையமைத்த ரான் கிரெய்னர், உரிமையில் அவருக்கும் பங்கு வேண்டும் என்றார். ஊழியர் பெயரை வெளியிடுவதில்லை என்ற பிபிசியின் வழக்கம் தடுத்தது. 1969இல் வாடகைக்கு விடும் பின்னணி இசைத் தொகுப்பு ஒன்றுக்கு 'லி டி லா ரூஸ்' என்ற புனைபெயரில் எழுதினார். டாக்டர் ஹூ திரையில் அவர் பெயர் முதன்முதலாக வந்தது 2013இல். அவர் இறந்தது 2001இல். இன்றைய இணைய இசைக் கிடங்குகளில் தேடல் நடப்பது மனநிலையை வைத்து: அமைதி, நம்பிக்கை, ஆவணப்படம். செய்தவர் பெயரைத் தேடிப் போகிறவர்கள் குறைவு.

வேலைக்கும் பின்னணி இசைக்குமான உறவு பழையது. 1940இல் பிபிசி தொடங்கிய 'மியூசிக் வைல் யூ ஒர்க்' நிகழ்ச்சி, போர்க்கால ஆலைகளில் உற்பத்தி தளராமல் இருக்க ஒலிபரப்பானது. அந்த ஆலைகளில் பெண்கள் பெருந்தொகையினர். கைதட்ட வைக்கும் ஒரு பாடலை அதில் ஒலிபரப்பத் தடை இருந்தது. தட்டுவதற்குக் கருவியைக் கீழே வைத்துவிடுவார்கள் என்ற பயம்.

இப்போதெல்லாம் மாணவியரிடம் ஒன்றுதான் கேட்கிறேன்: முதல் வெட்டை இசை இல்லாமல் போட்டுக் காட்டுங்கள். கூலிப் படத்தை எடுத்தவள் அப்படிக் காட்டியபோது அந்த நிறுத்தம் நான்கு நொடி நீண்டது. பின்னால் கலவை இயந்திரம் சுற்றும் சத்தம் கேட்டது. அவள் இசையை முழுவதும் நீக்கவில்லை. அக்கா பேருந்துக்குக் காத்திருக்கும் காட்சிக்கு மட்டும் வைத்துக்கொண்டு, இறுதி எழுத்தில் அதைச் செய்தவரின் பெயரையும் போட்டாள்.