கைக்குழந்தைக்குக் காணொளிப் பாடமா?

நடக்கத் தொடங்காத குழந்தைக்கும் பாடம் உண்டு. அதனைத் திரையே நடத்திவிடும் என்னும் எண்ணம் மிகப் பழையதன்று. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் வாழ்ந்த ஜூலி அய்க்னர் கிளார்க் என்னும் முன்னாள் ஆசிரியை, 1997ஆம் ஆண்டில் தம் இல்லத்தின் கீழ்த்தளத்தில், குடும்பச் சேமிப்பைக் கொண்டு, ஓர் ஒளிநாடாவைத் தயாரித்து வெளியிட்டார். விளையாட்டுப் பொருள்கள் அதில் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றி மறையும். பின்னணியில் ஏழு மொழிகளைப் பேசும் தாய்மார் எண்களைச் சொல்வர். குழந்தைப் பாடல்களைக் கூறுவர். ‘பேபி ஐன்ஸ்டீன்’ என்பது அதற்கு இடப்பெற்ற பெயர். நான்கே ஆண்டுகளில், 2001இல், டிஸ்னி நிறுவனம் அத்தொழிலை விலைக்கு வாங்கிக்கொண்டது. 2007 ஜனவரியில் அமெரிக்க அதிபர் ஜார்ஜ் புஷ் நாடாளுமன்றத்தில் ஆற்றிய ஆண்டுரையில் அவ்வம்மையாரைப் பெயர் சுட்டிப் பாராட்டும் அளவுக்கு அது வளர்ந்திருந்தது. அதே ஆண்டின் ஆகஸ்டில், இத்தகைய காணொளிகளைப் பற்றிப் பெற்றோர் இரு கூறாகப் பிரிந்து வழக்காடும் நிலையும் வந்தது. ஒளிநாடா போய்க் குறுந்தட்டு வந்தது. குறுந்தட்டு போய்க் கைப்பேசி வந்தது. வழக்கு மட்டும் அப்படியே நிற்கிறது.

பெயரை முதற்கண் நோக்குதல் வேண்டும். ஐன்ஸ்டீனைத் தொடர்ந்து மொஸார்ட், பாக், ஷேக்ஸ்பியர், வான்கோ என்று மேதைகள் ஒவ்வொருவராக மழலைப் பருவத்துக்கு அழைத்துவரப்பட்டனர். உங்கள் குழந்தை மேதையாகும் என்று அட்டையில் ஒரு வரியும் எழுதவேண்டியதில்லை. பெயரே அதனைச் சொல்லிவிடுகிறது. இந்த நம்பிக்கைக்கு முன்னோடியாக அமைந்த ஆய்வு ஒன்றும் உண்டு. 1993இல் ‘நேச்சர்’ இதழில் வெளிவந்த அவ்வாய்வில், மொஸார்ட்டின் இசையைப் பத்து நிமிடம் கேட்ட கல்லூரி மாணவர்கள், வடிவங்களை மனத்தில் மடித்தும் வெட்டியும் பார்க்கும் ஒருவகைத் தேர்வில் சற்றே கூடுதலாகத் தேறினர். அப்பயனும் கால்மணி நேரத்துக்கு மேல் நிற்கவில்லை. அதில் கைக்குழந்தை எவரும் கலந்துகொள்ளவில்லை. ஆயினும் 1998இல் ஜார்ஜியா மாநில ஆளுநர் செல் மில்லர், பிறக்கும் குழந்தை ஒவ்வொன்றுக்கும் இசைத்தட்டு வழங்க 1,05,000 டாலர் ஒதுக்கவேண்டுமென்று முன்மொழிந்தார். கல்லூரி மாணவனிடமிருந்து தொட்டிற் குழந்தைக்குத் தாவிய அத்தாவலை அன்று தடுத்துக் கேட்டவர் சிலரே.

பெற்றோர் உண்மையில் என்ன கருதுகின்றனர்? வாஷிங்டன், மின்னசோட்டா ஆகிய இரு மாநிலங்களில், இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளையுடைய ஆயிரம் குடும்பங்களைத் தொலைபேசிவழி வினவிய ஆய்வாளர்கள், 2007இல் தம் முடிவுகளை வெளியிட்டனர். மூன்றாம் மாதத்திலேயே 40 விழுக்காட்டுக் குழந்தைகள் வழக்கமாகத் திரையைப் பார்த்துவந்தன. இரண்டு வயதில் அது 90 விழுக்காடாயிற்று. ஏன் காட்டுகிறீர்கள் என்று கேட்டதற்கு, 29 விழுக்காட்டினர் அது கல்வி தருகிறது, மூளை வளர்ச்சிக்கு நல்லது என்றனர். 23 விழுக்காட்டினர் குழந்தை மகிழ்கிறது, அமைதியடைகிறது என்றனர். தம் வேலைகளை முடித்துக்கொள்ளக் கொஞ்சம் பொழுது கிடைக்கிறது என்று சொன்னோர் 21 விழுக்காட்டினர்.

இம்மூன்று விடைகளுள் மூன்றாவதே நேர்மையானது எனலாம். சோறு கொதிக்கிறது, மூத்த பிள்ளை பள்ளிக்குப் புறப்படவேண்டும், தாய் இன்னும் குளிக்கவில்லை. கூட்டுக் குடும்பத்தில் இடுப்பில் தூக்கிக்கொள்ள ஓர் அத்தையோ பெரியம்மாவோ இருந்த காலம் போய், பதினேழாவது மாடியில் பூட்டிய கதவுக்குப் பின் ஒருத்தியே எல்லாமாக நிற்கும் காலம் இது. பதினைந்து நிமிடம் ஒரு திரை குழந்தையின் கண்ணைப் பிடித்துவைத்தால் அவள் அதனை நன்றியோடு ஏற்கிறாள். அவளைக் குறைகூற எவருக்கும் தகுதியில்லை. தனக்குக் கிடைத்தது பதினைந்து நிமிட ஓய்வு என்று அவள் அறிந்திருக்கும்வரை தீங்கு பெரிதன்று. அந்த ஓய்வின்மேல் ‘கல்வி’ என்னும் சீட்டை ஒட்டி விற்கும்போதுதான் கணக்கு மாறுகிறது. ஓய்வென்று அறிந்தவள் பதினைந்து நிமிடத்தில் நிறுத்துகிறாள். கல்வியென்று நம்பியவளோ ஏன் நிறுத்தவேண்டும்? கூடுதல் கல்வி கூடுதல் நன்மையல்லவா?

மேற்கூறிய குடும்பங்களையே அடிப்படையாகக் கொண்டு அதே ஆய்வாளர்கள் 2007 ஆகஸ்டில் வெளியிட்ட மற்றொரு கட்டுரைதான் பெரும் புயலைக் கிளப்பியது. எட்டு முதல் பதினாறு மாதக் குழந்தைகள் இவ்வகைக் காணொளியை நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் கூடுதலாகப் பார்த்தால், சொல்லறிவு அளவையில் ஏறத்தாழ 17 புள்ளிகள் குறைந்து காணப்படுவதாக அக்கட்டுரை கூறிற்று. நாள்தோறும் பெற்றோர் படித்துக்காட்டிய குழந்தைகளுக்குப் புள்ளிகள் கூடியிருந்தன. டிஸ்னி நிறுவனத் தலைவர் ராபர்ட் ஐகர், அக்கட்டுரையைப் பற்றிய பல்கலைக்கழகத்தின் செய்தி அறிக்கையைத் திரும்பப் பெறவேண்டுமென்று வலியுறுத்தினார். வாஷிங்டன் பல்கலைக்கழகம் மறுத்துவிட்டது. எங்கள் குழந்தை நன்றாகத்தானே பேசுகிறது என்று சினந்த பெற்றோரும், அன்றே சொன்னோமே என்று மகிழ்ந்த பெற்றோரும் அக்கட்டுரையைத் தத்தம் சார்புக்கேற்ப எடுத்தாண்டனர்.

சினந்தவர் பக்கமும் ஒரு நியாயம் இருந்தது என்பதை மறைத்தல் கூடாது. இரண்டு செய்திகள் சேர்ந்து காணப்படுவதாலேயே ஒன்று மற்றொன்றுக்குக் காரணமாகிவிடாது. பேச்சுத் தாமதமான குழந்தையின் பெற்றோரே கவலைகொண்டு கூடுதலாகக் காணொளி வாங்கியிருக்கவும் கூடும். மேலும், பதினேழு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைகளிடம் அத்தொடர்பு காணப்படவில்லை. 2014இல் பெர்குசன், டோனல்லன் என்னும் இருவர் அதே தரவுகளை வேறு முறைகளில் மறுபடியும் கணக்கிட்டபோது, முதலில் கூறப்பட்ட அளவுக்கு முடிவு உறுதியாக நிற்கவில்லை. எனவே, காணொளி சொல்லறிவை அழிக்கிறது என்று மேடையில் முழங்குவோர் ஆதாரத்துக்கு மேலே பேசுகின்றனர். ஆனால், அழிக்கவில்லை என்பதனாலேயே கற்பிக்கிறது என்றும் ஆகிவிடாது. விற்பனையாளர் பணம் வாங்கியது கற்பிக்கும் என்று சொல்லித்தானே! குழந்தைகளை வணிகத்திலிருந்து காக்க முனைந்த ஓர் அமைப்பு அமெரிக்க வணிக ஆணையத்திடம் 2006இல் முறையிட்டது. 2009இல் டிஸ்னி, முந்தைய ஐந்தாண்டுகளில் விற்ற குறுந்தட்டுகளுக்கு, ஒரு குடும்பத்துக்கு நான்கு தட்டுகள்வரை, தட்டொன்றுக்கு 15.99 டாலர் திருப்பித்தர முன்வந்தது. குற்றத்தை ஒப்புக்கொண்டதாக அதற்குப் பொருளன்று என்றும் சொல்லிக்கொண்டது.

“என் குழந்தை கற்றுக்கொண்டதை என் கண்ணாலேயே பார்த்தேன்” என்னும் பெற்றோரின் சான்றுதான் இவ்வழக்கில் யாவற்றினும் வலிமை வாய்ந்தது. தாயின் கண்ணுக்கு மேற்பட்ட சாட்சி ஏது என்று கேட்டால் விடை கூறுவது அரிது. ஆயினும் அச்சான்றும் ஒருமுறை சோதித்துப் பார்க்கப்பட்டது. ஜூடி டிலோச் என்னும் உளவியல் அறிஞரும் அவர்தம் குழுவினரும் 2010இல் வெளியிட்ட ஆய்வில், பன்னிரண்டு முதல் பதினெட்டு மாதக் குழந்தைகள் சிலர், சொற்களைக் கற்பிப்பதாகக் கூறப்பட்ட புகழ்பெற்ற காணொளியொன்றை நான்கு வாரம் தத்தம் இல்லத்திலேயே வாரம் பலமுறை பார்த்தனர். சில குழந்தைகள் பெற்றோருடன் பார்த்தன. சில தனித்துப் பார்த்தன. மூன்றாம் குழுவுக்குக் காணொளியே இல்லை. அதிலுள்ள சொற்களின் பட்டியலைப் பெற்றோரிடம் கொடுத்து, அன்றாட வேலைகளுக்கிடையே இயல்பாகச் சொல்லித்தருமாறு கேட்டுக்கொண்டனர். நான்காம் குழுவுக்கு எதுவும் செய்யவில்லை. இறுதியில், காணொளி பார்த்த குழந்தைகள் ஒன்றும் செய்யப்படாத குழுவைவிடக் கூடுதலாகக் கற்கவில்லை. மிகுதியாகக் கற்றவை, பெற்றோர் வாயால் கேட்ட குழந்தைகளே.

அவ்வாய்வின் மற்றொரு முடிவு இன்னும் கூர்ந்து நோக்கத்தக்கது. தம் குழந்தை நிறையக் கற்றது என்று கூறிய பெற்றோர் யாவர்? அக்காணொளியை விரும்பிய பெற்றோர். அவர்கள் அளந்தது குழந்தையின் கற்றலை அன்று. தங்கள் விருப்பத்தையே குழந்தையின் கற்றலாக அளந்துவிட்டனர். பெற்றோர் கருத்துகள் ஏன் இத்துணை வேறுபடுகின்றன, ஏன் எத்தரப்பும் மற்றத் தரப்பை மனமாற்ற முடிவதில்லை என்பதற்கான விடை இங்கே கிடைக்கிறது. ஒரே வயதில் எல்லாக் குழந்தைகளும் வாரந்தோறும் புதுச்சொல் கற்கின்றன. காணொளி ஓடும் வீட்டில் அச்சொற்கள் காணொளியின் கணக்கில் வரவு வைக்கப்படுகின்றன. ‘பூனை’ என்னும் சொல்லைச் சமையற்கட்டு வாசலில் பாட்டி ஐம்பது முறை சொல்லியிருப்பார். திரையில் பூனை வந்தபோது குழந்தை அதனைச் சொன்னால் பெருமை திரைக்கே போய்ச் சேருகிறது.

தமிழ்க் குடும்பங்களைப் பொறுத்தவரை இது வெறும் அமெரிக்க வழக்கன்று. சென்னையில் 2013இல் தொடங்கப்பெற்ற சுச்சு டிவி போன்றவற்றின் பாடல்களும், அவற்றின் தமிழ் வடிவங்களும், இன்று மலேசிய, சிங்கப்பூர்த் தமிழர் இல்லங்களில் ஓயாது ஒலிக்கின்றன. சிங்கப்பூரின் 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, அங்குள்ள இந்தியருள் பாதிக்கு மேற்பட்டோர் வீட்டில் மிகுதியாகப் பேசுவது ஆங்கிலம். அத்தகைய இல்லங்களிலும், கிள்ளான் பள்ளத்தாக்கின் பல இல்லங்களிலும், காணொளிக்குப் புதியதொரு பணி ஒப்படைக்கப்பட்டிருக்கிறது. தாயும் தந்தையும் குழந்தையோடு ஆங்கிலம் பேசுவர். தமிழைக் கைப்பேசி பார்த்துக்கொள்ளும். இவ்வேற்பாட்டை எண்ணும்போதுதான் 2003இல் பட்ரீசியா கூல் என்பாரும் உடனாய்வாளரும் நடத்திய சோதனை நெஞ்சில் தைக்கிறது. ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளுடன் சீன மொழி பேசுவோர் நேரில் அமர்ந்து, நூல் காட்டியும் விளையாடியும் பன்னிரண்டு அமர்வுகள் பேசினர். அக்குழந்தைகள், ஆங்கிலத்தில் இல்லாத சீன ஒலிகளைப் பிரித்தறிவதில் தைவான் குழந்தைகளுக்கு நிகராக நின்றன. அதே ஆட்கள் அதே பேச்சைப் படம்பிடித்துத் திரையில் காட்டினர். அதனைப் பார்த்த குழந்தைகளோ சீனம் கேளாத குழந்தைகளினும் ஒரு படியும் மேலே செல்லவில்லை. ஒலி ஒன்றே, முகம் ஒன்றே. இல்லாதது, குழந்தை திரும்பிப் பார்க்கும்போது தானும் திரும்பிப் பார்க்கும் ஆள்.

தமிழ்ப்பள்ளிகளில் முதலாம் ஆண்டு வகுப்பை எடுப்போர் இதன் விளைவைக் காண்பது உண்டு. பாடலை முதலிலிருந்து கடைசிவரை பிசகாமல் ஒப்பிக்கும் பிள்ளை, “காலையில் என்ன சாப்பிட்டாய்?” என்று கேட்டால் விழிக்கிறது. பாட்டு வந்துவிட்டது, மொழி வரவில்லை. மாதக் கணக்கில் அப்பிள்ளையிடம் தமிழில் ஒன்றைக் கேட்டு, விடைக்காகக் காத்திருந்தவர் எவருமில்லை. ‘தமிழ்க் காணொளிதானே காட்டுகிறோம்’ என்னும் பெற்றோரின் நிறைவு, ஆங்கிலக் காணொளி காட்டுவோரின் நிறைவைவிட ஆழமான மயக்கம் ஆகலாம். பின்னவர் இழப்பது சில சொற்களை; முன்னவர், தமிழ் பேசவேண்டிய தம் வாயையே விடுமுறையில் அனுப்பிவிடுகின்றனர்.

தமிழர் இதனை ஆய்வுக்கூடமின்றியே அறிந்திருந்தனர் என்பதற்குப் பிள்ளைத்தமிழ் சான்று. செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை என்னும் பருவங்களுள் எதனை எடுத்தாலும், அழைக்கும் ஒருவரும் அழைப்புக்கு அசையும் குழந்தையும் உளர். கைகொட்டச் சொல்வார் ஒருவர், கொட்டுவது குழந்தை. அம்புலிப் பருவம் இங்குத் தனித்துக் கருதத்தக்கது. நிலவும் தொலைவில் ஒளிரும் வட்டமான காட்சியே. அதுவும் விடை கூறுவதில்லை. அதனைச் சுட்டிக்காட்டும் விரலும், இடுப்பின் மேலிருக்கும் குழந்தையின் பார்வை அவ்விரல் வழியே மேலே செல்லும்வரை காத்திருக்கும் குரலுமே அங்கே ஆசிரியர். அவ்விரலை எடுத்துவிட்டால் எஞ்சுவது வானத்தில் ஒரு வெளிச்சம்.

அப்படியாயின் எல்லாத் திரையும் விலக்கத்தக்கதோ எனின், அதுவும் இல்லை. உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் திரையே வேண்டா என்றது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகமோ, 2016இல் பதினெட்டு மாதத்துக்குட்பட்டோருக்குத் திரையை மறுத்தபோது, ஒன்றுக்கு மட்டும் விலக்களித்தது. தொலைவிலுள்ள உறவினருடன் முகம் பார்த்துப் பேசும் அழைப்பே அது. இரண்டு முதல் இரண்டரை வயதுப் பிள்ளைகளைக் கொண்டு ரோஸ்பெரி முதலியோர் 2014இல் வெளியிட்ட ஆய்வில், நேரில் பேசியவரிடமும், அத்தகைய அழைப்பில் பேசியவரிடமும் பிள்ளைகள் புதிய வினைச்சொற்களைக் கற்றனர். பதிவு செய்த படத்திடம் கற்கவில்லை. கண்ணாடியும் வெளிச்சமும் இரண்டுக்கும் பொதுவே. கோலாலம்பூரில் பேரன் கைப்பேசியைப் பார்க்கிறான், சுங்கை சிப்புட்டிலிருந்து பாட்டி, “மூக்கு எங்கே?” என்கிறார். அவன் காதைத் தொடுகிறான். பாட்டி சிரித்துவிட்டு, மறுபடியும் கேட்கிறார்.